முத்திரைக்கு அடியில் இருந்த வரி

புதன்கிழமை, மதிய இடைவேளை

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. வீட்டில் அப்பா, அத்தை, நான் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே சுகமாகத்தான் இருப்பாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், ஏனென்றால் போனில் கேட்டால் ம் என்று ஒரே எழுத்தில் கதவைச் சாத்திவிடுகிறாய், அதை வைத்துக்கொண்டு நான் எதைத் தெரிந்துகொள்வது. இந்த விஷயத்தையும் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் இன்று எனக்கு வாய் நிற்காது, மூச்சு விடாமல் பேசுவேன், நீ அம்மா மெதுவா, மெதுவா என்பாய், பாதியில் வகுப்புக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுவாய். எழுதினால் முழுவதையும் கேட்டுத்தான் ஆகவேண்டும். சேதி இதுதான். எங்கள் பெண்கள் மருத்துவமனையின் நான்கு அட்டை அலமாரிகளையும் ஒன்றாக்கிவிட இன்று காலை பெரிய டாக்டர் சரி என்று சொல்லிவிட்டார். நாலு அலமாரிக்கா இந்தக் குதி என்று சிரிக்காதே, பொறுமையாகப் படி.

நீ சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்து என் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாயே, அப்போது உன் முதுகுக்குப் பின்னால் நின்றவைதான் அவை. வயசுப் பெண்களுக்குப் பச்சை அட்டை, கர்ப்பிணிகளுக்கு மஞ்சள், குழந்தை இப்போதைக்கு வேண்டாம் என்று வருகிறவர்களுக்கு நீலம், இந்த மூன்றிலும் அடங்காதவர்களுக்கு வெள்ளை, அந்த வெள்ளை அட்டையின் தலைப்பே மற்றவை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி நாள், தனி அறை, தனி அலமாரி. ஒரே பெண் பதினாறு வயதில் பச்சையாக வருவாள், இருபத்தைந்தில் மஞ்சளாக வருவாள், நாற்பத்தைந்தில் வெள்ளையாக வருவாள், மூன்று தடவையும் அவளை முன்பின் பார்த்தே இராதவர்கள் மாதிரி பெயர் என்ன வயசு என்ன என்று முதலிலிருந்து எழுதி உட்காரவைப்போம். மஞ்சள் அட்டைக்கு மட்டும் ஒரு தனி மரியாதை உண்டு. பிரசவம் முடிந்து ஆறாவது வாரம் வந்து காட்டிவிட்டுப் போனதும், அட்டையின் கீழ்ப்பக்கம் வலது மூலையில் முடிந்தது என்று சிவப்பு முத்திரை குத்தி மேல்தட்டுக்கு ஏற்றிவிடுவோம். குத்துவது யார், நான்தான், பதினைந்து வருடமாக. தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்ற சந்தோஷத்தில் கொஞ்சம் ஓங்கியே குத்துவேன். பெண்கள்கூட, என்னை முடிச்சு மேல ஏத்திட்டீங்களா என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள். அந்தச் சிரிப்பில் இருந்த விஷயம் எனக்குப் பதினைந்து வருடம் உறைக்கவில்லை பார்.

புது டாக்டர் ஒருத்தர் வந்திருக்கிறார் என்று முன்பே சொன்னேன், உன்னைவிட ஒரு பத்து வயது மூத்தவராக இருப்பார், வெடுக்கென்று பேசுவார், ஆனால் காது கொடுத்துக் கேட்கிற டாக்டர். அவர் வந்ததும் செய்த முதல் காரியம், நோயாளிக்கு ஒரு நாற்காலி போதாது என்று தன் அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலையும் போட்டது. ஏன் என்று கேட்டேன். இவங்க நாற்காலில உட்கார்ந்து சொல்றது எல்லாம் பொய்யில்ல, ஆனா சொல்ல வந்தது அது இல்ல, கதவுல கை வெச்ச பிறகுதான் உண்மையான சமாசாரம் வெளிய வரும், அப்ப நின்னுக்கிட்டே சொல்லவேண்டாமே என்றார். நான் எத்தனை ஆயிரம் பேர் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன், இது எனக்குத் தோன்றவில்லை.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, வெள்ளை அட்டை நாள், பேருந்து ஓட்டுகிற ஒரு அக்கா வந்திருந்தார். இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறார், வயது நாற்பத்தாறு, கணீர் என்ற குரல், வரிசையில் நின்றபடியே முன்னால் இருப்பவர்களை உள்ள தள்ளி நில்லுங்க, நடுவுல இடம் இருக்கு என்று நகர்த்தினார். உள்ளே போய், திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வேர்க்கிறது, தூக்கமில்லை, தலை வலிக்கிறது என்று சொன்னார். மாதவிடாய் நிற்கப்போகிற வயது, எல்லாம் பொருந்துகிறது, டாக்டரும் அப்படியே எழுதிக்கொண்டிருந்தார். பிரஷர் பார்க்கும் கருவி கர்ப்பிணிகள் அறையில் மட்டும்தான் இருக்கும், வெள்ளை அட்டைக்காரர்களுக்கு அந்த அறைப் பக்கமே வேலையில்லை. அக்கா எழுந்து கதவில் கை வைத்தார். வைத்தவர் திரும்பி, ஒண்ணும் இல்ல டாக்டர், ரெண்டாவது பையன் வயித்துல இருக்கும்போதும் இதே மாதிரி பின் மண்டையில வலிச்சுது, அதான் சொன்னேன் என்றாராம். டாக்டர் அவரை அந்த ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, தானே இரண்டு அறை தாண்டி ஓடிப்போய்க் கருவியை எடுத்துவந்தார். நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்றுப் பத்து. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தாலும் கிட்டத்தட்ட அதுவேதான். என்னிடம் வந்து, இவங்க மஞ்சள் அட்டை இருக்கா பாருங்க, பதிமூணு வருஷம் ஆகியிருக்கும் என்றார். ஏணி போட்டு ஏறித் தேடினேன், இருந்தது.

இப்போது நான் சொல்லப்போவதை அப்பாவிடம்கூட இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன், நான் என் தப்பைச் சுலபத்தில் வாய்விட்டுச் சொல்லாதவள் என்று உனக்குத் தெரியும். ஏணியில் நின்றபடியே அட்டையைப் புரட்டினேன். பிரசவ சமயத்தில் ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, ஆறாவது வாரமும் முழுக்க இறங்கவில்லை. அதற்குக் கீழே மூலையில் என் சிவப்பு முத்திரை. முத்திரைக்கு அடியில் நீல மையில் ஏதோ நெளிந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். மூன்று மாதத்தில் மறுபடி பார்க்கவும், பிறகு ஆண்டுதோறும் அழுத்தம் பார்க்கவேண்டும் என்று அப்போதிருந்த டாக்டர் எழுதியிருக்கிறார். எழுதிய இடம் கீழ் வலது மூலை. நான் அந்த வரியின் மேலேயே ஓங்கிக் குத்தி, முடிந்தது என்று சொல்லி, மேலே ஏற்றியிருக்கிறேன். அந்த முத்திரையில் என் பெயர் கிடையாது. மை ஈஷிக்கொண்டதால் சும்மா புரட்டிப் பார்க்கிறவருக்கு அந்த வரி தெரியவே தெரியாது, நான் சொல்லாவிட்டால் அது வெளியே வராது. ஏணியில் இருந்து இறங்காமல் கொஞ்ச நேரம் நின்றேன், எதற்காக நின்றேன் என்று உனக்குப் புரியும், எழுதமாட்டேன். பிறகு இறங்கிப்போய் டாக்டரிடம் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். கர்ப்ப காலத்தில் அழுத்தம் ஏறியவர்களுக்குப் பிற்காலத்தில் மறுபடி ஏறவும் இதயத்துக்குக் கெடுதல் வரவும் மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம், அதனால்தான் விடாமல் பார்க்கச் சொல்வது என்று டாக்டர் எனக்கு விளக்கினார். அக்காவிடமும் நானே சொல்கிறேன் என்றேன். சொன்னேன். அவர் அட்டையை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். ஏம்மா, என் பின்னாடி எழுபது பேர் தூங்கிட்டு வர்றாங்க தெரியுமா, ஒரு நொடி எனக்குக் கண்ணு இருண்டிருந்தா என்ன ஆகியிருக்கும் என்றார். மன்னிச்சுக்கங்கக்கா என்றேன். மன்னிப்பெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், எங்க டிப்போல பிள்ளை பெத்தவங்க ஒம்பது பேர் இருக்காங்க, எல்லாம் உன்கிட்ட குத்து வாங்கினவங்கதான், முதல்ல அவங்க அட்டையை இறக்கு என்றார்.

இறக்கினேன். அவர்களுடையதை மட்டுமல்ல, டாக்டரும் நானும் மதிய இடைவேளையில் உட்கார்ந்து மூன்று வாரத்தில் நானூறு மஞ்சள் அட்டையை ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டோம், முப்பத்தேழு அட்டைகளில் முத்திரைக்கு அடியில் ஏதாவது ஒரு வரி இருந்தது. சர்க்கரையை வருடம்தோறும் பார்க்கவும் என்று, ரத்தம் குறைவு என்று, ஒன்றில் மனசு சரியில்லை என்கிறாள், அடுத்த வாரம் கூப்பிட்டுப் பேசவும் என்று. அந்தக் கடைசி அட்டையைப் படித்ததும் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், பத்தொன்பது பேர் வந்துவிட்டார்கள், அந்தப் பெண்ணும் வந்தாள், இப்போது பள்ளியில் கணக்கு டீச்சர், டாக்டர் அறையில் முக்கால் மணி நேரம் இருந்தாள். மணி அடிக்கிறது, மிச்சம் வீட்டில்.

அதே நாள், சாயங்காலம்

உன் அத்தை வெளி அறையில் டீ குடித்துக்கொண்டே சிரிக்கிறார், கேட்கிறதா உனக்கு. அதுவும் ஒரு கதை. ஒரு வருடமாக அப்பா என்ன ஜோக் சொன்னாலும் உன் அத்தை உதட்டை இறுக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவார். அப்பாவுக்குப் பெரிய மனக்குறை, அக்காவுக்கு என்மேல என்ன கோபம், நான் என்ன செஞ்சேன் என்று என்னைக் குடைந்துகொண்டே இருந்தார். கடைசியில் புது டாக்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி நான் உன் அத்தையிடம் நேராகவே கேட்டேன், இருமினா, சிரிச்சா சிறுநீர் கசியுதா என்று. உனக்கு யாரு சொன்னா என்று பாய்ந்தார், பிறகு அழுதார். வெளியூர்க் கல்யாணம், சினிமா எதற்கும் வராமல் முழங்கால் வலி என்று சொன்னதெல்லாம் இதற்காகத்தான். இந்த வயதில் இப்படித்தான் என்று எல்லாரும் போலத் தானும் விட்டுவிட்டாராம். கூட்டிக்கொண்டு போனேன். இடுப்புத் தசைகளுக்கு ஒரு பயிற்சி, ஒரு நாளைக்கு மூன்று தடவை, அதைச் சொல்லித்தருவதற்கென்றே வாரம் ஒரு நாள் ஒரு பிசியோதெரபிஸ்ட் வருகிறாள். மூன்று மாதத்தில் பெரும்பாலும் சரியாகிவிட்டது. இப்போது அப்பாவின் ஜோக்குக்குச் சத்தமாகச் சிரிக்கிறார். டேய், சிரிக்கிற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்லடா, சிரிக்க முடியுதேன்னு சிரிக்கிறேன் என்கிறார். உன்னிடம் சொல்ல அத்தையிடம் அனுமதி வாங்கிவிட்டேன், அவளுக்கும் ஒரு நாள் உதவும், எழுது என்றார்.

இந்த அலமாரி விஷயத்தில் அப்பா செய்த உதவியையும் சொல்லவேண்டும். நான்கு நிறங்களின் கதையை அவரிடம் சொன்னபோது, லிஃப்ட் ரிப்பேர்காரர் அல்லவா, ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, அது எப்படி, ஒரே லிஃப்ட்டுக்கு மாடிக்கு ஒரு ரிப்பேர் நோட்டா, ரெண்டாவது மாடியில கம்பி தேஞ்சது ஏழாவது மாடியில பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும், ஆனா அதே கம்பிதானே மேல போகுது என்று கேட்டார். இன்று காலைக் கூட்டத்தில் பெரிய டாக்டர், வேலை ரெண்டு மடங்காகும், ஆள் கிடையாது, காலம் காலமா இப்படித்தானே நடக்குது என்று சொன்னபோது, புது டாக்டர் முப்பத்தேழு அட்டைகளையும் மேஜையில் பரப்பினார், நான் எழுந்து நின்று அப்பா சொன்னதை அப்படியே சொன்னேன். கூட்டத்தில் நான் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை.  பெரிய டாக்டர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அந்த வரிகள்ல பாதி என் கையெழுத்துதான் என்றார். அவ்வளவுதான். இனி ஒரு பெண்ணுக்கு ஒரே கோப்பு, எந்த வயதில் வந்தாலும் எந்தக் கிழமையில் வந்தாலும் அதுவே, எல்லா அறையிலும் பிரஷர் கருவி. முத்திரையை என்ன செய்வது என்று கேட்டேன், உங்க இஷ்டம் என்றார். குப்பையில் போட்டேன். பிறகு எடுத்து ரப்பரை உரித்துவிட்டுப் போட்டேன், யாராவது எடுத்துக் குத்திவிட்டால்.

ஆனாலும் இன்னும் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை. அழுத்தம் இறங்கும்வரை வண்டி எடுக்கக்கூடாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்ததால் டிப்போவில் அந்த அக்காவைச் சாவி கொடுக்கிற ஜன்னலில் உட்காரவைத்திருக்கிறார்கள். போன வாரம் போய்ப் பார்த்தேன். கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்கிறார், ஒவ்வொரு வண்டி வெளியே போகும்போதும் கழுத்து தானாகத் திரும்புகிறது. இந்த வெள்ளிக்கிழமைக்குள் தகுதிச் சான்று வராவிட்டால் அந்த ஜன்னல்தான் நிரந்தரம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார், உப்பைக் குறைத்துவிட்டார், நடக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது உன் விஷயம். நான் படிக்காத நாவல் இல்லை என்று அப்பா கேலி செய்வார், அத்தனை புத்தகத்திலும் பெண்கள் காதலிக்கிறார்கள், பெறுகிறார்கள், சாகிறார்கள், மாதத்தில் இரண்டு நாள் குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தாள் என்று ஒருத்தியைப் பற்றியும் நான் படித்த ஞாபகமில்லை. ஆனால் என் வீட்டிலேயே ஒருத்தி கிடந்தாள். பதினான்கு வயதிலிருந்து. அரையாண்டுத் தேர்வு எழுதாமல் வந்த அன்று உன் தலையைத் தடவி நான் என்ன சொன்னேன், எல்லாருக்கும் இருக்கிறதுதான் கண்ணு, போகப் போகச் சரியாகிடும் என்றேன். மருத்துவமனையில் வேலை பார்க்கிற அம்மா, உனக்குப் பச்சை அட்டைகூடப் போடவில்லை. ஜன்னலில் நானூறு அட்டையைப் பிடித்துப் பார்த்தபோது எனக்கு அடிக்கடி நீதான் ஞாபகம் வந்தாய். புது டாக்டரிடம் உன் பெயர் சொல்லாமல் கேட்டேன், வகுப்புக்குப் போக முடியாத அளவு வலி என்றால் அது சகஜம் இல்லை, காரணம் இருக்கலாம், வைத்தியம் உண்டு, வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்ளக்கூடாது என்றார். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் கண்ணு. உன் கல்லூரி மருத்துவ மையத்தில் பெண் மருத்துவரிடம் நேரம் வாங்கு. கடந்த மூன்று மாதமாக மாதவிடாய் எந்தத் தேதியில் வந்தது, எத்தனை நாள், எவ்வளவு வலி, என்ன மாத்திரை, எந்த வகுப்பை விட்டாய் என்று எழுதி எடுத்துக்கொண்டு போ. கொஞ்சம் வலிக்கும் டாக்டர் என்று நல்ல பிள்ளையாகச் சொல்லாதே, எழுந்திருக்க முடியாது என்றால் எழுந்திருக்க முடியாது என்றே சொல். அவர் இதெல்லாம் சாதாரணம் என்று தள்ளினால் இன்னொருவரிடம் போ. நீ என் வயிற்றில் இருக்கும்போது எனக்குச் சர்க்கரை கூடியிருந்தது, அதையும் சொல். போன வாரம் எனக்கும் பார்த்தார்கள், எல்லையில் நிற்கிறது, பயப்படாதே, அப்பாவை இழுத்துக்கொண்டு தினமும் நடக்கிறேன்.

வெள்ளிக்கிழமை, மாலை

கடிதத்தை வேண்டுமென்றேதான் ஒட்டாமல் வைத்திருந்தேன். அக்கா யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வந்துவிட்டார், கூட டிப்போப் பெண்கள் நாலு பேர். புது டாக்டர் அவரை முதுகு சாய்த்து உட்காரவைத்து ஐந்து நிமிடம் பேசக்கூடாது என்றார். பேசாம இருக்கறதுக்கு ஏதாவது மாத்திரை இருக்கா டாக்டர் என்று கேட்டுவிட்டு அக்கா வாயை மூடினார். நான் அட்டை எடுக்கிற சாக்கில் உள்ளேயே நின்றேன். நூற்று முப்பத்தெட்டுக்கு எண்பத்தாறு. டாக்டர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் கழித்து மறுபடி பார்த்தார், நூற்று முப்பத்திரண்டுக்கு எண்பத்து நாலு. வீட்டில் காலையும் மாலையும் பார்த்து எழுதிய நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு பேனாவை எடுத்து, இனிமே நீங்க பேசலாம் என்றார். அக்கா யூனிஃபார்ம் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டார். வேர்வையையும் தூக்கத்தையும் பற்றி அடுத்த வாரம் தனியா உட்கார்ந்து பேசலாம், பிரஷர் இருக்குங்கிறதுக்காக அது இல்லாம போயிடாது என்று டாக்டர் சொன்னதும்தான் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சான்றை வாங்கிக்கொண்டு என் கவுன்ட்டரைத் தாண்டிப் போனார், என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு நேரே வாசலுக்கு நடந்தார். 

திங்கள்கிழமை

காலை ஏழே முக்காலுக்கு நிறுத்தத்தில் நின்றேன். வழக்கமான வண்டிதான் என்று ஏறினால் ஸ்டியரிங்கில் அக்கா! தலையை வாரி இறுக்கிக் கட்டிக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறார். நான் படியிலேயே நின்றுவிட்டேன், பின்னால் இருந்தவர்கள் ஏறுங்கம்மா ஏறுங்கம்மா என்று இடிக்கிறார்கள். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். இப்படி முன் சீட்டுல வந்து உட்காரு, வண்டி எப்படிப் போகுதுன்னு முதல்ல பாரு, அழறது எல்லாம் அப்புறம் என்றார். உட்கார்ந்தேன். கண்ணே, எவ்வளவு பூப்போல ஓட்டுகிறார் தெரியுமா, வளைவில்கூட, உள்ளே நின்றுகொண்டிருந்த ஒருவரும் கம்பியைப் பிடிக்கவில்லை. மருத்துவமனை நிறுத்தம் வந்தது. பதினைந்து வருடத்தில் ஒரு நாள்கூட நான் தாமதமாகப் போனதில்லை. இறங்கவில்லை. கடைசி நிறுத்தம்வரை போய், அவரோடு டீ குடித்துவிட்டு, அதே வண்டியில் திரும்பி வந்தேன்.

அங்கே குளிர் என்று கேள்வி, கழுத்தை மூடிக்கொண்டு போ. நேரத்துக்குச் சாப்பிடு, படிப்பு எங்கும் ஓடிவிடாது. உடம்பும் மனசும் தெம்பாக, நினைத்ததெல்லாம் கைகூடி நீ நீண்ட நாள் வாழவேண்டும் என்று அப்பாவும் அத்தையும் நானும் வாழ்த்துகிறோம். டாக்டரிடம் என்றைக்கு நேரம் கிடைத்தது என்பதை மட்டும் உடனே எழுது, தேதி போட்டு.

எப்போதும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா